குன்னத்தில் கிடைத்தது டைனோசர் முட்டையா? அரியலூர் அம்மோனைட்டும் தட்டில் வரும் கணவாயும் சொல்லும் ஒரே பாடம்

2020 அக்டோபர். பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஒரு நீர்நிலையில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிவந்தன. ஒன்றிரண்டு அல்ல, கும்பல் கும்பலாக. யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட, அன்று சாயங்காலத்துக்குள் 'பெரம்பலூரில் டைனோசர் முட்டை' என்று ஊரெல்லாம் பேச்சு. வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள்.

புவியியலாளர்கள் பார்த்துவிட்டுச் சொன்ன பதில் வேறு. அவை முட்டை இல்லை. அந்தக் காலக் கடலடிச் சேற்றில் அம்மோனைட் போன்ற உயிரின எச்சங்களைச் சுற்றித் தாதுக்கள் படிந்து படிந்து இறுகிய கல் உருண்டைகள்.

'ப்ச், அவ்வளவுதானா!' என்று பலர் போனை மூடியிருப்பார்கள். ஆனால் கதையே அங்கிருந்துதான் ஆரம்பம். அம்மோனைட் என்பது, நாம் ஓட்டலில் ஆர்டர் செய்யும் கணவாய் வறுவலின் தூரத்துச் சொந்தம். அது உலகை விட்டுப் போனதற்கும், இன்றைய கணவாய் மீன்பிடியில் ஆய்வாளர்கள் கவலைப்படுவதற்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. அது முட்டை.

அம்மோனைட் என்றால் என்ன?

ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி சுருண்ட ஓடு. அதற்குள் வாழ்ந்த, பல கைகள் கொண்ட மெல்லுடலி. எகிப்தியரின் கடாக்கொம்பு தெய்வமான அம்மோன் பெயரிலிருந்துதான் அம்மோனைட் என்ற பெயரே வந்தது.

நம் ஊர் ஆட்களுக்கு இது புதுசும் இல்லை. பெருமாள் கோயில்களிலும் பல வீடுகளின் பூஜை அறையிலும் இருக்கும் சாளக்கிராமம், நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவம்தான். கல்லுக்குள் சக்கரம் போலத் தெரிவது அந்த உயிரினத்தின் ஓட்டுச் சுருள்.

ஓட்டை நெடுக்காக வெட்டிப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்ன அறைகள் இருக்கும். விலங்கு குடியிருந்தது கடைசி அறையில் மட்டும். மற்ற அறைகளில் காற்றும் கொஞ்சம் நீரும். எல்லா அறைகளையும் ஊடுருவி ஒரு மெல்லிய குழாய் போகும். நீரை வெளியேற்றினால் உடல் லேசாகும். நீர்மூழ்கிக் கப்பல் வேலை செய்கிற அதே தத்துவம்.

கணவாய், ஆக்டோபஸ், நாட்டிலஸ், அம்மோனைட் எல்லாமே 'தலைக்காலிகள்' என்ற ஒரே பெரிய குடும்பம். தலையிலிருந்தே கைகள் முளைத்திருப்பதால் இந்தப் பெயர்.

அரியலூரில் கடல் எப்படி வந்தது?

இன்று அரியலூரிலிருந்து வங்கக் கடலுக்கு நேர்கோட்டில் போனாலே 80 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் இந்த ஊருக்கே வந்திருந்தது. கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் உடைந்து இந்தியா தனியாக நகர்ந்துகொண்டிருந்த கிரெட்டேசியஸ் காலம் அது. கிழக்குக் கரையோரம் நிலம் தாழ்ந்து பள்ளங்கள் உருவாக, உலகக் கடல்மட்டமும் உயர, இன்றைய திருச்சி, பெரம்பலூர், அரியலூர் பகுதிகளுக்குள் கடல் நுழைந்தது. நுழைந்தது, பின்வாங்கியது, மறுபடி நுழைந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு படுகை மண்ணை விட்டுவிட்டுப் போனது.

அந்தப் படுகைகளைப் புவியியலாளர்கள் மூன்று தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள்: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். ஆமாம், உலகப் புவியியல் புத்தகங்களில் நம் ஊர்ப் பெயர்கள்தான்.

பெரம்பலூர் மாவட்டத்தின் காரை, குளக்காநத்தம் பக்கம் போனால் மழை அரித்த செம்மண் மேடுகளும் ஓடைகளுமாக வேறு கிரகம் மாதிரி ஒரு நிலம் விரியும். அங்கே அம்மோனைட்டோடு பெலம்னைட்டும் கிடைக்கும். துப்பாக்கித் தோட்டா போல, ஒரு விரல் அளவு கல். அது ஊசிக் கணவாய் போன்ற ஒரு பழைய தலைக்காலியின் உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதி. அந்தப் பக்கம் இருக்கும் சாத்தனூர் கல்மரப் பூங்கா நிறையப் பேருக்குத் தெரியும். கரையிலிருந்து கடலுக்கு அடித்துவரப்பட்டுக் கல்லான 18 மீட்டர் மரம், எம்.எஸ்.கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்தது.

கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பேர்போன கல்லங்குறிச்சியின் பெயரிலும் ஒரு பாறை அடுக்கு இருக்கிறது. கடல் சிப்பிகள் மலைமலையாகக் குவிந்த சுண்ணாம்புக்கல் அடுக்கு அது. அரியலூர் ஒரு சிமென்ட் நகரமானதற்குக் காரணமே இந்தச் சுண்ணாம்புக்கல்தான். அதாவது, நம் வீட்டுச் சுவரில் அந்தப் பழைய கடலின் ஒரு துளி இருக்கலாம்.

முதலில் படித்தது யார்?

1840களில் ஆங்கிலேய அதிகாரிகள் இங்கிருந்து சேகரித்து அனுப்பிய புதைபடிவங்களை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் எழுதினார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் நடந்து நடந்து இந்தப் பகுதியை அளந்து, 1862இல் அறிக்கை வெளியிட்டார்.

தலைக்காலிகளுக்கு ஓர் ஆள் சிக்கினார்: ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் பிறந்தவர். 1862இல் கல்கத்தா வந்து வேலையில் சேர்ந்தபோது வயது 24. தென்னிந்திய அம்மோனைட்டுகளை ஓடு ஓடாகப் பிரித்து, வரைந்து, பெயரிட்டு, 1860களில் அவர் வெளியிட்ட தொகுதிகளை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். 1874இல், மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக் பகுதியில் இறந்துபோனார். வயது 36.

சரி, இதுக்கும் கணவாய்க்கும் என்ன சம்பந்தம்?

(செங்கோட்டைக் கணவாய் இல்லைங்க, சாப்பிடுற கணவாய்!)

மீன் மார்க்கெட்டில் மூன்று வகையைப் பார்க்கலாம். நீளமாக, மெல்லியதாக இருப்பது ஊசிக் கணவாய். அகலமாக, உள்ளே வெள்ளை ஓடு வைத்திருப்பது ஓட்டுக் கணவாய். எட்டுக் கையோடு இருப்பது பேய்க் கணவாய், அதாவது ஆக்டோபஸ். சென்னைப் பக்கம் கடம்பா என்றும் சொல்வார்கள்.

ஓட்டுக் கணவாயின் அந்த வெள்ளை ஓட்டை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று விற்பார்கள். லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டுக்குள் கால்சியத்துக்காக மாட்டி வைப்பார்கள். நுரையும் இல்லை, மீன் எலும்பும் இல்லை. அது கணவாயின் உள் ஓடு. உடைத்துப் பார்த்தால் அடுக்கடுக்காக நுண்ணிய அறைகள். அவற்றில் காற்றையும் நீரையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் கடலில் மேலும் கீழும் மிதக்கிறது. அம்மோனைட் வெளியே சுமந்த அதே இன்ஜினீயரிங்கை, கணவாய் உள்ளே மறைத்து வைத்திருக்கிறது.

நம் கடலில் இவற்றைப் பற்றிய படிப்பு பழையது. 1954இல் சத்தியநாராயண ராவ் பாக் விரிகுடாக் கணவாயின் உயிரியலையும் மீன்பிடியையும் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார். 1985இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக சிஎம்எஃப்ஆர்ஐ, நாட்டின் மொத்தத் தலைக்காலி வளத்தைப் பற்றி ஒரு பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தது. பதிப்பாசிரியர் இ.ஜி.சைலஸ்.

அந்த நேரமும் முக்கியம். அதற்குக் கொஞ்ச காலம் முன்புவரை கணவாய் நம்மிடம் பெரிய சரக்கே கிடையாது. நிறைய இடங்களில் தூண்டிலுக்கு இரையாகத்தான் போனது. 1970களிலிருந்து இழுவைப் படகுகள் பெருகின, குளிர்பதன ஏற்றுமதி வந்தது, ஸ்பெயினும் இத்தாலியும் வாங்கத் தொடங்கின. கணவாய்க்குத் தனி விலை வந்தது. இன்று இந்தியாவில் பிடிபடும் தலைக்காலிகள் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன். இறாலுக்கு அடுத்த வரிசையில் உள்ள ஏற்றுமதிச் சரக்குகளில் ஒன்று. விசைப்படகுக்காரர் டீசல் செலவைத் தேற்றுவது பல நாள் இந்தக் கணவாயால்தான்.

கணவாயின் அவசர வாழ்க்கை

மீன்வள மேலாண்மையில் கணவாய் ஒரு தனி கேஸ். ஏன்?

வஞ்சிரமோ பாறையோ பல ஆண்டுகள் வாழும், பல முறை முட்டையிடும். ஒரு வருஷம் சரியில்லை என்றாலும் மூத்த மீன்கள் மிச்சம் இருக்கும். கணவாய்க்கு அந்தச் சேமிப்புக் கணக்கே இல்லை. பெரும்பாலான இனங்களுக்கு ஆயுளே ஒன்று, மிஞ்சினால் இரண்டு வருஷம். மளமளவென்று வளரும், முட்டையிடும் பருவம் வரும், முட்டையிட்டு முடிந்ததும் இறந்துவிடும்.

வயது எப்படித் தெரியும்? கணவாயின் தலைக்குள் சமநிலைக்கு உதவும் ஒரு பொடிக்கல் இருக்கிறது. மணல்துகள் அளவுதான். அதைத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், மரத்தின் வருட வளையம் போல நாள் வளையங்கள் தெரியும். எண்ணினால் எத்தனை நாள் வாழ்ந்தது என்று தெரிந்துவிடும்.

இதன் அர்த்தம் என்ன? இந்த வருஷம் கடலில் இருக்கும் கணவாய் முழுக்க முழுக்கப் போன வருஷத்து முட்டைகள். அடுத்த வருஷத்துச் சரக்கு மொத்தமும் இந்த வருஷம் இடப்படும் முட்டைகள். நடுவில் கைகொடுக்க எந்தத் தலைமுறையும் கிடையாது. மாதச் சம்பளத்தை மாதத்துக்குள் செலவழித்துவிடும் குடும்பம் மாதிரி. ஒரு மாதம் சம்பளம் வரவில்லை என்றால் அடுப்பு எரியாது.

சாதகமும் உண்டு. வேகமாக வளர்வதால் நிலைமை சரியானால் சட்டென்று பெருகியும் விடும். 2016இல் 'கரன்ட் பயாலஜி' இதழில் வந்த ஓர் ஆய்வு, 1950களிலிருந்து உலகின் பல கடல்களில் தலைக்காலிகளின் எண்ணிக்கை கூடிவருவதாகக் காட்டியது. மற்ற மீன் குறையும்போது கணவாய் கூடுகிறதே, அப்புறம் என்ன கவலை என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை நம்ம அரபிக்கடல் பக்கம் இருக்கிறது.

தென்னம்பாளையில் தொங்கிய முட்டைகள்

ஓட்டுக் கணவாய் முட்டையைத் தண்ணீரில் அப்படியே விடாது. எதிலாவது ஒட்ட வைக்க வேண்டும்: குச்சி, மென்பவளம், கடற்புல், பாறை. திராட்சைக் குலை போல ஒன்றோடு ஒன்றாகக் கட்டித் தொங்கவிடும். வெதுவெதுப்பான கடலில் இரண்டு வாரத்தைச் சுற்றிக் குஞ்சு பொரியும். பொரிந்து வருவது அப்பா அம்மாவின் குட்டி நகல்.

இந்தக் குணத்தைக் கடலோர மக்கள் நன்றாகவே கவனித்திருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகக் கடலுக்குத் தொழிலுக்குப் போன மீனவர்கள், 2000களில் அங்கே ஒரு முறையைப் பரப்பினார்கள். காய்ந்த தென்னம்பாளைகளைக் கயிற்றில் கட்டி, கீழே மணல் மூட்டையைப் பாரமாக வைத்துக் கடலுக்குள் இறக்குவார்கள். ஒட்ட இடம் தேடி அலையும் கணவாய் அந்தப் பாளைகளைத் தேடி வரும். படகில் போய்த் தூண்டிலில் பெரிய பெரிய கணவாய்களைப் பிடித்து வருவார்கள். சின்னப் படகு, குறைந்த டீசல், நல்ல எடை, நல்ல விலை. வலை போட்டுக் கண்டதையும் வாரும் வேலை இல்லை. வெளியில் இருந்து பார்த்தால் இதைவிடச் சுத்தமான மீன்பிடி இருக்க முடியாது.

சிஎம்எஃப்ஆர்ஐ-யின் கடல் உயிரியலாளர் கீதா சசிகுமார், கே.சுனில் முகமது உள்ளிட்டோர் இதைத்தான் ஆய்வுக்கு எடுத்தார்கள். 2015இல் 'ஃபிஷரீஸ் ரிசர்ச்' இதழில் வந்த அவர்களது கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: ஓரிடத்தில் கூட்டிப் பிடிக்கும் மீன்பிடி, அடுத்த தலைமுறையின் வரத்தையே குறைத்துவிடுமா?

பாளையில் மாட்டியவை யார் என்று பார்த்ததில்தான் விஷயம் இருந்தது. அவை முட்டையிடத் தயாராக வந்த பெரிய கணவாய்கள். சாதாரணமாக இவை கடலடியில் சிதறிக் கிடக்கும், எல்லாம் மாட்டாது. பாளை அவற்றை ஒரே இடத்துக்குக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுகிறது. பிரசவ வார்டு வாசலில் நின்று பிடிப்பது மாதிரி. ஓராண்டு ஆயுள் கொண்ட விலங்கில் முட்டையிட வந்தவற்றைத் தொடர்ந்து எடுத்தால், அடுத்த பருவத்துக்கு வரவேண்டிய குஞ்சுகள் குறையும் என்பதே ஆய்வின் எச்சரிக்கை.

கடலில் இது தகராறாகவும் ஆனது. பாளைக் கயிறு வலையைக் கிழிக்கிறது, எங்கள் கணவாய் குறைகிறது என்றார்கள் உள்ளூர் இழுவைப் படகுக்காரர்கள். தூண்டில்காரர்கள் கேட்ட கேள்வியிலும் நியாயம் இருந்தது: தரையையே உழுதுகொண்டு போகும் இழுவை மடி செய்யாத சேதத்தையா எங்கள் தூண்டில் செய்துவிட்டது?

உண்மையில் இரண்டு கேள்வியும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகிறது. பாளை முட்டையிட வரும் தாயை எடுக்கிறது. இழுவை மடி, முட்டை ஒட்டியிருக்கும் தரையையே வாருகிறது, இன்னும் வளராத சின்னக் கணவாயையும் சேர்த்து அள்ளுகிறது. இருவருக்கும் வருமானம் அடுத்த வருஷத்து முட்டையில்தான் இருக்கிறது.

தடைக்காலம் போதாதா?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாட்கள் மீன்பிடித் தடை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது எல்லா மீனுக்கும் பொதுவான ஒரு கதவு. தமிழ்நாட்டில் விசைப்படகுகளைத்தான் கட்டுப்படுத்தும், நாட்டுப்படகுகளுக்கு விலக்கு உண்டு. கணவாயோ இனத்துக்கு இனம், கடலுக்குக் கடல் வேறு வேறு மாதங்களில் முட்டையிடும். ஒரே தேதியில் எல்லாவற்றையும் காப்பாற்றிவிட முடியாது.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் இதேதான்

இப்போது மறுபடி அரியலூருக்கு வருவோம்.

அம்மோனைட் வகையறா கடலில் இருந்தது 30 கோடி ஆண்டுகளுக்கும் மேல். நடுவில் உலகின் மிகப் பெரிய பேரழிவான பெர்மியன் முடிவையே தாண்டி வந்தது. ஆனால் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மெக்சிகோ பக்கம் விண்கல் விழுந்தபோது டைனோசரோடு அதுவும் போய்விட்டது. அரியலூர் மாவட்டத்தின் நின்னியூர்ப் படுகை அந்த அழிவுக்குப் பிறகு உருவானது. அதில் அம்மோனைட் இல்லை.

விசித்திரம் என்னவென்றால், அதேபோல ஓடு சுமந்து, அதேபோல அறை கட்டி வாழ்ந்த நாட்டிலஸ் மட்டும் பிழைத்தது. இன்றும் இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் ஆழத்தில் இருக்கிறது. ஏன் இது, ஏன் அது இல்லை?

ஆய்வாளர்கள் பலர் கைகாட்டும் காரணம், முட்டை. அம்மோனைட்டின் குஞ்சு பிறக்கும்போது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். ஏராளமாகப் பிறந்து, கடலின் மேற்பரப்பில் மிதவை உயிரிகளோடு மிதந்து, அவற்றையே தின்று வளர்ந்திருக்க வேண்டும். விண்கல் கிளப்பிய தூசியில் வெயில் மறைந்தது, மேற்பரப்பு நீர் அமிலமானது, மிதவை உயிரிகள் மடிந்தன. குஞ்சுகளுக்குச் சாப்பாடும் இல்லை, வீடும் இல்லை. நாட்டிலஸோ கொஞ்சம் முட்டைதான் இடும். ஒவ்வொன்றும் பெரிது, சத்து நிறைந்தது. உள்ளேயே ஏறத்தாழ ஒரு வருஷம் இருந்து, இரண்டரை சென்டிமீட்டர் ஓட்டோடு ஆழத்தில் வெளிவரும். மேலே நடந்த களேபரம் அதை அவ்வளவாகத் தொடவில்லை.

பெருகுவதில் கெட்டிக்காரனாக இருந்த அம்மோனைட், குஞ்சுப் பருவத்தில் அடி விழுந்ததும் எழுந்திருக்கவே இல்லை. 'கணவாய் வேகமாகப் பெருகிடும், பயமில்லை' என்று சொல்பவர்கள் காரை மேட்டுக்கு ஒருமுறை போய் வரலாம்.

பிழைத்த நாட்டிலஸுக்கும் இப்போது வேறு ஆபத்து. அழகான ஓட்டுக்காகப் பிடிக்கிறார்கள். மெதுவாக வளரும் விலங்கு என்பதால், 2016இல் அதன் சர்வதேச வணிகத்துக்கு சைட்ஸ் ஒப்பந்தம் கட்டுப்பாடு போட்டது.

என்ன செய்யலாம்?

ஆய்வாளர்கள் சொல்லும் வழிகள் சில ஏற்கெனவே நடப்பில் உள்ளன.

* குறைந்தபட்ச அளவு: கேரளா, கணவாய் உட்படப் பல இனங்களுக்கு இதைவிடச் சிறியதைப் பிடிக்கக் கூடாது என்று அளவு நிர்ணயித்தது. குட்டிகளை விட்டால் அவை முட்டையிடும் வாய்ப்பு கிடைக்கும்.

* முட்டைக்கு இடம்: பாளையையே திருப்பிப் போட்டு யோசிக்கலாம். கணவாய் வந்து முட்டை ஒட்டும் பாளைகளை, முட்டைப் பருவத்தில் தூண்டில் போடாமல் விட்டால், அதே பாளை பொறியாக இல்லாமல் பொரிப்பகமாக ஆகிவிடும்.

* வளர்த்துப் பார்ப்பது: சிஎம்எஃப்ஆர்ஐ விழிஞ்ஞத்தில் ஓட்டுக் கணவாய் முட்டைகளைத் தொட்டியில் பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியது. குஞ்சுக்கு உயிருள்ள இரை கொடுக்க வேண்டியிருப்பதால் செலவு கூடும், இன்னும் வணிகமாகவில்லை.

* நாம்: மார்க்கெட்டில் விரல் நீளக் குட்டிக் கணவாயைக் கூறு கட்டி விற்கும்போது, 'வேண்டாம்ணே, பெருசா இருந்தா குடுங்க' என்று சொல்வது சின்ன விஷயம்தான். ஆனால் வாங்க ஆள் இருக்கும் வரை அது வலையில் வந்துகொண்டேதான் இருக்கும்.

இதற்கிடையே, நிலத்தில் இருக்கும் பதிவேட்டுக்கும் நெருக்கடிதான். சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் விரிய விரியப் புதைபடிவ அடுக்குகளும் சேர்ந்து போகின்றன. மறுபக்கம், நினைவுக்கு என்று ஆளுக்கு ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள். எந்த அடுக்கில் இருந்தது என்ற விவரம் போய்விட்டால், ஆய்வாளருக்கு அந்தக் கல்லால் பெரிய பயன் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைத்தால், அரியலூர் பக்கம் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சுருள் ஓடு இருக்கும். போட்டோ எடுங்கள், காரையில் காலடியில் கிடப்பதை அங்கேயே விட்டு வாருங்கள். திரும்பும் வழியில் மதியச் சாப்பாட்டுக்குக் கணவாய் வறுவல் வந்தால், தட்டில் இருப்பது அந்தப் பழைய கடலின் சொந்தக்காரர்களில் ஒருவர் என்பது நினைவிருக்கட்டும்.